கேட்டால் பாடட்டும்: தளத்துக்குப் பின்னணி இசை

தளம் தயாராகிவிட்டது. படங்கள் ஏறிவிட்டன, எழுத்துரு சரியாகிவிட்டது, போனில் திறந்தாலும் பக்கம் கலையவில்லை. இந்தக் கட்டத்தில் பலருக்கும் வரும் அடுத்த ஆசை, பக்கம் திறந்ததும் மெல்ல ஒரு இசை ஒலித்தால் எப்படி இருக்கும் என்பது. ஆசையில் தப்பில்லை. ஆனால் பக்கம் திறந்த நொடியே எல்லோருக்கும் தானாகப் பாடும் தளத்தை இன்று நீங்கள் நினைத்தாலும் கட்ட முடியாது, பிரவுசர் விடாது. வருகிறவர் கேட்டால் பாடும், போதும் என்றால் நிற்கும், கேட்காதவருக்கு டேட்டா செலவே வைக்காத இசையைத்தான் இந்த அத்தியாயத்தில் அமைக்கப் போகிறோம்.

அதற்கு முன், உங்கள் தளத்துக்கு இசை தேவைதானா என்று ஒரு முறை யோசித்துவிடுங்கள். வீணை வகுப்பு நடத்துபவர், நாதஸ்வரக் கலைஞர், கல்யாண அழைப்புப் பக்கம் போடுகிறவர், தாத்தாவின் நினைவாக ஒரு பக்கம் வைக்கிறவர், பயணப் படங்களை வரிசையாகக் காட்டுகிறவர், இவர்களுக்கெல்லாம் இசை பொருந்தும். வேலைக்கு விண்ணப்பிக்கக் கொடுக்கும் பயோடேட்டா பக்கத்துக்கும் பொருள் விற்கும் பக்கத்துக்கும் பொருந்தாது. நீளமான கட்டுரைகள் உள்ள தளத்துக்கு அறவே வேண்டாம். தமிழில் படித்துக்கொண்டிருப்பவர் காதில் தமிழ்ப் பாட்டு விழுந்தால் இரண்டில் ஒன்றுதான் மனதில் ஏறும். ஆகவே இசை வைப்பதென்றாலும் வரிகள் இல்லாத இசையாக வையுங்கள். தம்புரா, வீணை, புல்லாங்குழல், கீபோர்டு எதுவானாலும் சரி.

இசைதான் வேண்டும் என்றும் இல்லை. என்னைக் கேட்டால், தனிமனிதர் தளங்களுக்கு இசையைவிட இடத்தின் சத்தம் பல நேரம் நன்றாக அமைகிறது. கொடைக்கானல் படங்கள் இருக்கும் பக்கத்தில் மழை, கிராமத்துத் திருவிழாப் பக்கத்தில் தூரத்துப் பறை, மீன்பிடித் துறைமுகப் பக்கத்தில் விடியற்காலை ஏலக் குரல்கள். உங்கள் போனிலேயே பதிவு செய்யலாம். பிறர் குரல் அடையாளம் தெரியும்படி பதிவானால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிரவுசர் ஏன் தடுக்கிறது

தானாகப் பாடும் பக்கங்கள் ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். 1994-இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் இலவசமாக இடம் கொடுத்தது. லட்சக்கணக்கானோர் அதில் வீட்டுப் பக்கம் கட்டினார்கள். பாதிப் பக்கங்களில் ஏதோ ஒரு மிடி ஃபைல் ஓடிக்கொண்டிருக்கும். மிடி என்பது பதிவு செய்த ஒலி அல்ல. எந்த ஸ்வரத்தை, எந்த வாத்தியத்தில், எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான். வாசிப்பது கேட்பவரின் கம்ப்யூட்டரில் உள்ள சவுண்ட் கார்டு. அதனால் முழுப் பாட்டும் சில பத்து கேபிக்குள் அடங்கிவிடும். 56கே மோடத்தில் அதிகபட்சம் நொடிக்கு 7 கேபி இறங்கிய காலம் அது. 3 எம்பி எம்பி3 ஃபைலை வைத்திருந்தால் இறங்கி முடிய ஏழு நிமிடமாவது ஆகியிருக்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு பிஜிசவுண்ட் என்று ஒரு டேக், நெட்ஸ்கேப்புக்கு எம்பெட் என்று வேறொன்று. இரண்டையும் எழுதி வைத்தால்தான் எல்லோருக்கும் கேட்கும். பழைய பாடப் புத்தகங்களிலும் இணையத்தில் கிடக்கும் பழைய குறிப்புகளிலும் இன்றும் பிஜிசவுண்ட் வருகிறது. அதைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள். இப்போதுள்ள எந்த பிரவுசரும் அதை மதிப்பதில்லை.

2003-இல் வந்த மைஸ்பேஸ் இந்தப் பழக்கத்தை எம்பி3 காலத்துக்கு இழுத்து வந்தது. ஒருவரின் பக்கத்தைத் திறந்தால் அவருக்குப் பிடித்த பாட்டு பாடும். பிறகு செய்தித் தளங்கள் வீடியோ விளம்பரங்களைத் தானாக ஓட்டத் தொடங்கின. இருபது டேப் திறந்திருக்கும்போது எதிலிருந்து சத்தம் வருகிறது என்றே தெரியாது. 2014-இல் குரோம் ஒலி வரும் டேப்பில் ஸ்பீக்கர் படம் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது என்றால் தொல்லை எந்த அளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐபோன் தொடக்கத்திலிருந்தே தொடாமல் ஒலியை விட்டதில்லை. 2017-இல் மேக் கம்ப்யூட்டர்களுக்கான சஃபாரியும், 2018 ஏப்ரலில் குரோமும், 2019 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸும் அதே வழிக்கு வந்தன. தற்செயலாகக் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் அது 66-ஆம் பதிப்பு.

இன்றைய விதி சுருக்கமானது. வருகிறவர் பக்கத்தில் ஏதாவது ஒன்றைத் தொட்டால், கிளிக் செய்தால், விசையை அழுத்தினால் அதற்குப் பிறகு ஒலி வரலாம். அதற்கு முன் வரக்கூடாது. ஸ்க்ரோல் செய்வது கணக்கில் சேராது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உங்கள் தளத்தில் ஆட்டோப்ளே போட்டு நீங்களே திறந்து பார்த்தால் சில நேரம் பாடிவிடும். உடனே ‘எனக்கு வேலை செய்கிறதே’ என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் குரோம் ஒவ்வொரு தளத்திலும் நீங்கள் எவ்வளவு ஒலி கேட்கிறீர்கள் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஏழு நொடிக்கு மேல், மியூட் இல்லாமல், கண்முன் உள்ள டேப்பில் ஓடினால் அந்தத் தளத்துக்கு ஒரு மதிப்பெண். மதிப்பெண் சேர்ந்தால் அடுத்த முறை தானாகப் பாட அனுமதி. தளத்தைக் கட்டும்போது நீங்கள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததால் உங்கள் பிரவுசர் உங்கள் தளத்தை நம்புகிறது. முதல் முறை வருகிறவரின் பிரவுசருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. அதனால் சோதனை எப்போதும் இன்காக்னிட்டோ ஜன்னலில், அல்லது வேறொருவர் போனில்.

இந்த விதியை ஏமாற்றச் சில தந்திரங்கள் சுற்றி வருகின்றன. பக்கத்தில் எங்கே தொட்டாலும் பாட்டு தொடங்கும்படி எழுதுவது அதில் ஒன்று. தொழில்நுட்பப்படி அது நடக்கும். ஆனால் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தொட்டவருக்குத் திடீரென்று நாதஸ்வரம் கிளம்பினால் அவர் படத்தையும் மூடிவிட்டுப் போய்விடுவார். ராத்திரி குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்ப்பவர் உங்களை வாழ்த்தமாட்டார்.

கல்யாண அழைப்புப் பக்கங்களில் நடக்கும் ஒரு வழி எனக்குப் பிடிக்கும். முதலில் மூடிய உறை தெரியும். தொட்டால் அழைப்பிதழ் திறக்கும், அதே தொடுதலில் மங்கள இசையும் தொடங்கும். விதிக்கும் சரி, பார்க்கவும் அழகு. அதிலும் ஒரு பட்டனுக்குப் பதில் இரண்டு வையுங்கள்: ‘இசையுடன் திறக்க’, ‘இசையில்லாமல் திறக்க’. ஆபீசில் இருந்தபடி முகூர்த்த நேரம் பார்க்க வருகிறவர் இரண்டாவதைத் தொடுவார்.

யாருடைய இசை

உங்கள் தளத்தில் வைக்கும் ஒவ்வொரு பதிவிலும் குறைந்தது இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் பாடல் வரிகளும் ஆக்கியவருக்கு உரியவை. அதைப் பாடி அல்லது வாசித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவு பெரும்பாலும் தயாரித்தவருக்கு உரியது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமை, ஆக்கியவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்.

தியாகராஜர் மறைந்தது 1847-இல். அவருடைய கீர்த்தனையை நீங்களோ உங்கள் மகளோ வாசித்துப் பதிவு செய்து தளத்தில் போட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அதே கீர்த்தனையை ஒரு பிரபல வித்வான் பத்து ஆண்டுகளுக்கு முன் பாடி வெளியிட்ட பதிவை எடுத்துப் போட்டால் அது அனுமதி இல்லாத பயன்பாடு. கீர்த்தனை பொதுச் சொத்து, பதிவு அல்ல. சினிமாப் பாட்டு என்றால் பெரும்பாலும் இரண்டு உரிமைகளுமே உயிரோடு இருக்கும். ‘முப்பது நொடி வரை எடுக்கலாம்’ என்று ஒரு பேச்சு நெடுநாளாக உலவுகிறது. சட்டத்தில் அப்படி ஒரு நொடிக் கணக்கே கிடையாது.

யூடியூப் வீடியோவைப் பக்கத்தில் ஒரு புள்ளி அளவு சுருக்கி மறைத்து, ஒலியை மட்டும் ஓட விடுவது இன்னொரு குறுக்கு வழி. யூடியூபின் விதிகள் வீடியோவிலிருந்து ஒலியைப் பிரித்துப் பயன்படுத்துவதையும் ப்ளேயரை மறைப்பதையும் அனுமதிப்பதில்லை. ப்ளேயர் 200-க்கு 200 பிக்சலுக்குக் குறையக்கூடாது. தவிர, விளம்பரம் வந்தால் உங்கள் நினைவுப் பக்கத்தில் தாத்தா படத்துக்குப் பின்னால் சோப்பு விளம்பரம் ஒலிக்கும்.

உரிமைச் சிக்கலே இல்லாமல் கிடைப்பவையும் நிறைய உண்டு. கெவின் மெக்லாட் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் இன்காம்பிடெக் என்ற தன் தளத்தில் ஏராளமான பின்னணி இசைத் துண்டுகளை, தன் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற நிபந்தனையோடு தருகிறார். காப்புரிமை முடிந்த மேற்கத்திய செவ்வியல் இசையின் பதிவுகளுக்கு மியூஸோபன். 2009-இல் தொடங்கிய ஃப்ரீ மியூசிக் ஆர்கைவில் பல வகையும் உண்டு. இங்கெல்லாம் ஒவ்வொரு பதிவுக்கும் அருகில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமக் குறி இருக்கும். பதிவிறக்கும் முன் அதைப் படியுங்கள். சிசி0 என்றால் நிபந்தனை இல்லை. பிஒய் என்றால் பெயர் போட வேண்டும். என்சி என்றால் வணிகத்துக்கு ஆகாது. உங்கள் தளத்தில் விளம்பரம் ஓடினாலோ உங்கள் வகுப்புக்கு ஆள் சேர்க்கத்தான் தளம் என்றாலோ அதைத் தவிர்ப்பது நல்லது. என்டி என்றால் மாற்றம் செய்யக்கூடாது. நாம் வெட்டி ஒட்டப் போகிறோம் என்பதால் அதுவும் வேண்டாம். இன்டர்நெட் ஆர்கைவ் போன்ற பெரிய கிடங்கில் ஒரு பதிவு இருக்கிறது என்பதாலேயே அது இலவசம் ஆகிவிடாது.

பெயர் போடுவது என்றால் தளத்தின் அடியில் ஒரே ஒரு வரி. இசைத் துண்டின் பெயர், ஆக்கியவர் பெயர், உரிமத்தின் பெயர், மூலப் பக்கத்துக்கும் உரிமத்துக்கும் இணைப்பு, வெட்டியிருந்தால் ‘சுருக்கப்பட்டது’ என்ற குறிப்பு. நண்பர் வாசித்துக் கொடுத்தால் ‘என் தளத்தில் வைக்கச் சம்மதம்’ என்று ஒரு மெயிலாவது வாங்கி வையுங்கள்.

ஃபைலைத் தயார் செய்தல்

பெரும்பாலானவர்கள் அவசரப்படும் இடம் இது. ஐந்து நிமிடப் பாட்டை அப்படியே ஏற்றிவிடுவார்கள். தனிமனிதர் தளத்தில் யாரும் ஒரு பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பதில்லை. ஒன்றரை நிமிடத் துண்டு போதும். அது சுழன்று சுழன்று வரட்டும்.

வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஃபைலைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஸ்டீரியோவை மோனோ ஆக்குவது. ட்ராக்ஸ் மெனுவில் மிக்ஸ் என்பதற்குள் இருக்கிறது. பின்னணியில், அதுவும் போன் ஸ்பீக்கரில் கேட்கும் இசைக்கு ஸ்டீரியோ வீண்.

அடுத்தது சுழற்சி. துண்டு முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு வெட்டுத் தெரிந்தால் இரண்டாம் சுற்றிலேயே எரிச்சல் வந்துவிடும். தம்புரா, மழை போன்ற இடைவிடாத ஒலிக்கு இந்த வெட்டு மிகவும் உறுத்தும். இதைச் சரிசெய்யும் வழி ஒன்று உண்டு. துண்டின் கடைசி ஐந்து நொடியைத் தேர்ந்தெடுத்து வெட்டுங்கள். புதிய மோனோ ட்ராக் ஒன்றைத் திறந்து, அதன் தொடக்கத்தில் அந்த ஐந்து நொடியை ஒட்டுங்கள். இப்போது மேலே மூல ட்ராக்கின் முதல் ஐந்து நொடியும் கீழே வெட்டிய வாலும் நேருக்கு நேர் நிற்கும். மேலே உள்ள ஐந்து நொடிக்கு ஃபேட் இன், கீழே உள்ளதற்கு ஃபேட் அவுட். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுங்கள்.

என்ன நடந்தது என்று பாருங்கள். துண்டின் இப்போதைய முடிவு, நாம் வெட்டிய இடம். அதற்கு அடுத்து இயல்பாக வர வேண்டிய ஒலி, வெட்டிய வாலின் தொடக்கம். அது இப்போது துண்டின் ஆரம்பத்தில் முழு அளவில் ஒலிக்கிறது. ஆகவே முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் தாவும்போது காது எந்த முறிவையும் உணராது. அதற்குள் வால் தேய்ந்து உண்மையான தொடக்கம் எழுந்துவிடும். லூப்பை இயக்கிவிட்டு ப்ளே கொடுத்தால் ஆடாசிட்டி சுழற்சியாக ஓட்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, இணைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

தாளம் உள்ள இசைக்கு இது சரிப்படாது. ஐந்து நொடி கலப்பில் இரண்டு தாளங்கள் முட்டிக்கொள்ளும். ஆதி தாளத்தில் அமைந்த துண்டென்றால் ஆவர்த்தனம் முடியும் இடத்தில் சரியாக வெட்ட வேண்டும். வெட்டும் புள்ளியைத் தேர்ந்தபின் இசட் விசையைத் தட்டினால், ஒலியலை நடுக்கோட்டைத் தொடும் மிக அருகிலான இடத்துக்குத் தேர்வு நகரும். ‘டக்’ சத்தம் வராது. ராக ஆலாபனை என்றால் வெட்டி ஒட்டவே முயல வேண்டாம். கடைசி மூன்று நொடியைத் தேய்த்து முடித்து, பின்னால் இரண்டு நொடி மௌனம் விட்டுவிடுங்கள். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தொடங்கியது போல இருக்கும்.

மௌனம் விடுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எம்பி3 ஆக மாற்றும்போது ஃபைலின் முன்னும் பின்னும் நொடியில் நூறில் சில பங்கு அளவுக்கு வெற்று ஒலி சேர்ந்துவிடுகிறது. ஆடாசிட்டியில் அற்புதமாகச் சுழன்ற தம்புரா, பக்கத்தில் ஏறியதும் விக்கும், காரணம் இதுதான். முடிவில் மௌனம் இருந்தால் விக்கல் தெரியாது. மௌனமே இல்லாத ஒலிதான் வேண்டுமென்றால் வெப் ஆடியோ என்ற வேறு வழிக்குப் போக வேண்டும்: ஃபைலை முழுதாக இறக்கி, விரித்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு, எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை சுழல வேண்டும் என்று துல்லியமாகச் சொல்லலாம். விரித்தால் ஒரு நிமிட மோனோ ஒலி சுமார் 10 எம்பி நினைவகம் பிடிக்கும். அரை நிமிடத் துண்டுக்கு மட்டும் இதைக் கையில் எடுங்கள்.

ஒலி அளவைக் குறைத்து வைப்பதை ஃபைலிலேயே செய்துவிட வேண்டும். இது முக்கியம். பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் ‘முப்பது சதவீத ஒலியில் ஓடு’ என்று எழுதலாம்தான். ஆனால் ஐபோன் அந்தக் கட்டளையைக் கண்டுகொள்ளாது. அங்கே ஒலி அளவு போனின் பக்கவாட்டுப் பட்டனுக்கு மட்டுமே கட்டுப்படும். ஆடாசிட்டியின் எஃபெக்ட் மெனுவில் லவுட்னெஸ் நார்மலைசேஷன் என்று இருக்கிறது. அதில் தானாக வரும் அளவு மைனஸ் 23. பின்னணி இசைக்கு அதுவே நல்ல தொடக்கம். கேட்டுப் பார்த்துவிட்டு இன்னும் குறைக்கலாம், கூட்ட வேண்டாம்.

கடைசியாக ஏற்றுமதி. கணக்கு எளிது: கேபிபிஎஸ் எண்ணை எட்டால் வகுத்தால் நொடிக்கு எத்தனை கேபி என்று வந்துவிடும். 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 நொடிக்கு 8 கேபி. ஒன்றரை நிமிடத்துக்கு 720 கேபி. போனில் எடுத்த ஒற்றைப் படத்தைவிடச் சிறியது. அதே ஒன்றரை நிமிடம் சிடி தரத்து வேவ் ஃபைலாக இருந்தால் 15 எம்பியைத் தாண்டும். ஆப்பஸ் என்ற வடிவம் இன்னும் குறைந்த அளவில் இதே தரத்தைத் தரும். ஆனால் எந்தப் பழைய போனில் திறந்தாலும் பாடும் என்ற நிம்மதி எம்பி3-இல்தான். அதன் காப்புரிமங்களும் 2017-இல் தீர்ந்துவிட்டதால் அந்தத் தொல்லையும் இல்லை.

பக்கத்தில் வைத்தல்

படத்துக்கு ஐஎம்ஜி டேக் எழுதிய மாதிரியே ஒலிக்கு ஆடியோ டேக். எஸ்ஆர்சி என்பதில் ஃபைலின் பெயர். அதோடு லூப் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் சுழலும். ப்ரீலோட் என்பதற்கு நன் என்று மதிப்புக் கொடுங்கள். வருகிறவர் கேட்கும் வரை ஃபைல் இறங்காது. நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் வாழ்கிறவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை அது. ஆட்டோப்ளே எழுத வேண்டாம்.

கன்ட்ரோல்ஸ் என்ற சொல்லையும் சேர்த்தால் பிரவுசரே ஒரு ப்ளேயரைக் காட்டும். ஓட்ட, நிறுத்த, நகர்த்த, ஒலி கூட்ட எல்லாம் அதில் உண்டு. அவசரத்துக்கு இதுவே போதும். ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் கூட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு பிரவுசரிலும் அது ஒவ்வொரு மாதிரி இருக்கும், உங்கள் பக்க அழகோடு ஒட்டாது. அதனால் கன்ட்ரோல்ஸை விட்டுவிட்டு நாமே ஒரு பட்டன் வைப்போம்.

பட்டனை பட்டன் டேக்கிலேயே எழுதுங்கள். சின்னப் படத்தை வைத்து அதன்மேல் கிளிக் எழுதினால் மவுஸ் இல்லாமல் கீபோர்டால் மட்டும் பயன்படுத்துபவரால் அதை எட்ட முடியாது. ஸ்பீக்கர் படம் மட்டும் போடுவதையும் தவிர்க்கலாம். கோடு கிழித்த ஸ்பீக்கர், ‘இப்போது ஒலி இல்லை’ என்கிறதா, ‘தொட்டால் ஒலி நிற்கும்’ என்கிறதா? பத்துப் பேரைக் கேட்டால் இரண்டு பதிலும் வரும். எழுத்தில் போடுங்கள்: ‘இசை கேட்க’. பாடத் தொடங்கியதும் ‘இசையை நிறுத்த’. சந்தேகத்துக்கே இடமில்லை.

பட்டனைத் தொட்டால் நடக்க வேண்டியது இதுதான். இசை நின்றிருந்தால் ப்ளே, ஓடிக்கொண்டிருந்தால் பாஸ். ப்ளே என்ற கட்டளை ஒரு ப்ராமிஸைத் திருப்பித் தரும். பிரவுசர் மறுத்தாலோ ஃபைல் கிடைக்காவிட்டாலோ அது தோல்வியாக முடியும். அந்தத் தோல்வியை கேட்ச் என்பதில் பிடித்து, பட்டனைப் பழைய நிலையிலேயே விட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் இசை வராமலேயே பட்டன் ‘இசையை நிறுத்த’ என்று காட்டிக்கொண்டு நிற்கும்.

பட்டனின் எழுத்தை எங்கே மாற்றுவது என்பதில் ஒரு நுணுக்கம். தொட்டவுடன் மாற்றாதீர்கள். ஆடியோ டேக், ஓடத் தொடங்கும்போது ப்ளே என்றும் நிற்கும்போது பாஸ் என்றும் நிகழ்வுகளை அனுப்பும். அவை வரும்போது மாற்றுங்கள். காரணம், இசையை நிறுத்துவது உங்கள் பட்டன் மட்டும் அல்ல. போன் வந்தால் நிற்கும். ப்ளூடூத் ஹெட்செட்டின் பட்டனை அழுத்தினால் நிற்கும். ஆண்ட்ராய்டு குரோமில் பூட்டுத் திரையிலேயே நிறுத்தும் குறி வந்துவிடும். நிகழ்வைக் கேட்டு மாற்றினால் எந்த வழியில் நின்றாலும் பட்டன் உண்மையைச் சொல்லும்.

பார்வையற்றவர்கள் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானின் குரலைக் கேட்டுத்தான் பக்கத்தில் நகர்கிறார்கள். இசை அந்தக் குரலை மூழ்கடித்தால் நிறுத்தும் பட்டனைத் தேடவே அவர்களுக்கு வழியில்லை. 2008-இல் வெளியான வலை அணுக்க நெறிகள் இதற்காகவே ஒரு விதி வைத்திருக்கின்றன: தானாகத் தொடங்கும் ஒலி மூன்று நொடிக்கு மேல் ஓடினால் நிறுத்தவோ ஒலியைத் தனியே குறைக்கவோ வழி இருக்க வேண்டும். நம் இசை தானாகத் தொடங்குவதில்லை என்பதால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்கு, பட்டனைப் பக்கத்தின் தொடக்கத்திலேயே, தலைப்புக்கு அருகில் வையுங்கள். அடியில் ஒளிக்க வேண்டாம்.

வருகிறவர் வேறு டேப்புக்குப் போனால் இசை தொடரலாமா? பாட்டுக் கேட்கவே வந்த தளமென்றால் தொடரலாம். பின்னணி இசைக்கு நிறுத்துவதே முறை. விசிபிலிட்டி சேஞ்ச் என்ற நிகழ்வு, பக்கம் மறைவதையும் திரும்பத் தெரிவதையும் சொல்லும். மறைந்தால் நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் நீங்களாகத் தொடங்க வேண்டாம், பட்டன் இருக்கிறது.

ஒரு பக்கத்திலிருந்து தளத்தின் இன்னொரு பக்கத்துக்குப் போனால் இசை அறுந்துவிடும். புதிய பக்கம் ஏறும்போது பழைய பக்கத்தில் இருந்த எல்லாம், ஆடியோ டேக் உட்பட, போய்விடுகிறது. எத்தனையாவது நொடியில் நின்றது என்று செஷன் ஸ்டோரேஜில் குறித்து வைத்து அடுத்த பக்கத்தில் அங்கிருந்து தொடரலாம். ஆனால் இடையில் ஒரு இடைவெளி விழும், சில பிரவுசரில் மறுபடி தொடச் சொல்லும். அந்த அரைகுறைத் தொடர்ச்சியைவிட இசையை ஒரே பக்கத்தோடு நிறுத்திக்கொள்வது கௌரவம். முகப்புப் பக்கத்தில் அல்லது படத்தொகுப்புப் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும்.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. ஆடியோ ப்ளாக்கைச் சேர்த்து ஃபைலை ஏற்றினால் ப்ளேயர் வந்துவிடும். வலப்பக்க அமைப்பில் லூப் உண்டு, ப்ரீலோடையும் அங்கேயே நன் ஆக்கலாம். ஆட்டோப்ளே என்றும் ஒன்று இருக்கும், தொடாதீர்கள். ப்ளாகரில் ஒலி ஃபைலை ஏற்ற இடமில்லை. வேறெங்காவது வைத்து எச்டிஎம்எல் பகுதியில் ஆடியோ டேக் எழுத வேண்டும். சவுண்ட்கிளவுடில் ஏற்றி அவர்கள் தரும் ப்ளேயரை ஒட்டுவதும் நேர்மையான வழிதான், தோற்றம் மட்டும் அவர்கள் விருப்பம்.

ஏற்றிய பிறகு

உங்கள் கம்ப்யூட்டரில் பாடியது, ஏற்றியதும் பாடாமல் போனால் பத்தில் எட்டு முறை ஃபைல் பெயர்தான் காரணம். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். தளங்கள் பெரும்பாலும் ஓடும் லினக்ஸ் சர்வருக்கு அவை வேறு வேறு. பெயரில் இடைவெளி இருந்தாலும் தமிழ் எழுத்து இருந்தாலும் சில இடங்களில் தகராறு செய்யும். முழுக்கச் சின்ன ஆங்கில எழுத்து, இடைவெளிக்குப் பதில் சிறு கோடு, அவ்வளவுதான்.

குரோமில் பாடுகிறது, ஐபோனில் மட்டும் வரவில்லை என்றால் சர்வரைச் சந்தேகியுங்கள். சஃபாரி ஒலி ஃபைலை முழுதாகக் கேட்காமல் ‘இந்தப் பைட்டிலிருந்து இந்தப் பைட் வரை கொடு’ என்று துண்டாகக் கேட்கும். அப்படித் தரத் தெரியாத சர்வர் முழு ஃபைலையும் தூக்கிக் கொடுத்தால் சஃபாரி வாங்காது. நல்ல ஹோஸ்டிங் நிறுவனங்களில் இந்தப் பிரச்சினை வராது; மலிவான இலவச இடங்களில் வரும். கிட்ஹப் பேஜஸில் வைத்திருப்பவர்கள் மாதம் 100 ஜிபி என்ற வரம்பை நினைத்துப் பயப்பட வேண்டாம். 720 கேபி ஃபைல் அந்த வரம்புக்குள் ஒரு லட்சம் முறைக்கு மேல் இறங்கலாம்.

இன்னும் சில நாளில் உங்களுக்கே அந்த இசை அலுத்து வேறொன்றை மாற்றுவீர்கள். அப்போது பழைய பெயரிலேயே புதிய ஃபைலை ஏற்றினால், முன்பு வந்தவர்களின் பிரவுசர் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் பழையதையே பாடிக்கொண்டிருக்கும். பெயரின் கடைசியில் 2 என்று சேர்த்து ஏற்றுங்கள், ஆடியோ டேக்கிலும் அதே பெயரை மாற்றுங்கள், அடியில் உள்ள நன்றி வரியில் இசையமைப்பாளர் பெயரையும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.